மணி இல்லாத ஞானத்தாய்

எதுவானாலும் மனு எழுதிக் கொடு, படித்துவிட்டுப் பேசுகிறேன் என்று ஒரு மனிதன் சொல்லிவிட்டால், உன் வீடு பற்றி எரிகிறது என்பதைக்கூட அவனிடம் எழுத்தில்தான் சொல்ல வேண்டும். கேப்டன் எவரிஸ்தோ லஸ்கானோ அப்படிப்பட்டவர். துறைமுக நகரத்தில் வக்கீலுக்குப் படித்து, பாதியில் விட்டுவிட்டு, அரசரை எதிர்த்து, தாய்நாட்டின் விடுதலைக்காக வாளை எடுத்தவர். வாளை எடுத்தவர் பேனாவைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. எங்கள் மலையூரான சோரோபம்பாவுக்கு வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஊரிலிருந்த காகிதமெல்லாம் தீர்ந்து, பாதிரியாரின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து வெற்றுத் தாளைக் கிழிக்கும் நிலைமை வந்துவிட்டது.

அன்று விடிந்ததும் கழுதை ஓட்டுகிற நிகனோர் தொலாபா அவரைப் பார்க்கப் போனான். உள்ளே போக உத்தரவில்லை. வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த எழுத்தர் பந்தலியோன் முன்னால்தான் நிற்க வேண்டியிருந்தது.

"என்னண்ணே, காலங்காத்தால?" என்றான் பந்தலியோன். அவன் உள்ளூர்க்காரன். கோயிலில் பாட்டுப் பாடியவன், நாலெழுத்து தெரியும் என்பதற்காகக் கார்ப்பொரல் ஆக்கியிருந்தார்கள்.

"உன் கேப்டனோட ஏவலாள் நேத்து சாயங்காலம் என் பட்டியில பூந்து ஞானத்தாயைப் பிடிச்சிட்டுப் போயிட்டான்டா. நான் மேய்ச்சலுக்குப் போய்க் கழுதைங்களை ஓட்டிட்டு வர்றதுக்குள்ள. மணியை மட்டும் கழட்டித் தூண்ல மாட்டிட்டுப் போயிருக்கான்."

"மணிச் சத்தம் ஐயாவுக்குத் தலைவலிண்ணே. அவரு குதிரை செத்துப்போச்சில்ல, மலைக்காத்து ஒத்துக்காம. வேற என்னத்துல ஏறுவாரு?"

"அதுக்குப் பெட்டைக் குதிரையில ஏறுவாரா?"

பந்தலியோன் சிரிப்பை விழுங்கினான். எங்கள் பக்கத்தில் பெட்டைக் குதிரையில் ஏறுகிற ஆண்பிள்ளை கிடையாது. ஏறினால் பேரன் காலம் வரைக்கும் பேச்சுக் கேட்க வேண்டும். கேப்டன் நேற்று மாலை அதில் ஏறி ஊரைச் சுற்றிவந்தபோது எல்லோரும் பல்லைக் காட்டினார்கள். ஊர் தன்மேல் பிரியமாக இருக்கிறது என்று நினைத்து அவர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

அந்த வெள்ளைப் பெட்டையின்மேல் நிகனோர்கூட ஒருநாளும் ஏறியதில்லை. சுமையும் ஏற்றியதில்லை. அதற்கு ஒரே வேலை, கழுத்தில் மணியோடு முன்னால் நடப்பது. அது நடந்தால் கோவேறு கழுதைகள் பின்னால் நடக்கும், நின்றால் நிற்கும். குட்டியிலிருந்தே அதன் காலடியில் வளர்ந்த கழுதைகள் அவை. மேய்ச்சலுக்கு விடும் நாளில் மணியைக் கழற்றிப் பட்டியில் வைத்திருப்பான், மாலையில் அதை அடித்தால் சோளம் என்று அர்த்தம், எங்கே மேய்ந்துகொண்டிருந்தாலும் குதிரையும் கழுதைகளும் ஓடிவந்துவிடும். அதனால்தான், ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குத் தலைதொடுகிறவளின் பெயரையே வைத்து, மணிக் குதிரைக்கு ஞானத்தாய் என்று பெயர். கழுதை ஓட்டுகிறவன் எவனும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

யுத்தம் தொடங்கியபோது நிகனோரிடம் அறுபது கழுதைகள் இருந்தன. அரசர் படை ஒரு தடவை பிடித்துப்போனது, நம் படை மூன்று தடவை பிடித்துப்போனது. இப்போது பதினொன்று. போனது போகட்டும் என்று அவன் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் கவலை கழுதைக் கணக்கு இல்லை. ஊருக்கு மேலே, மூன்று சிலுவைக் கணவாயில் அவனுடைய ஒரே மகன் மெலிதோன் இன்னும் பத்துப் பேரோடு காவல் நின்றான். முந்தின நாள் அங்கிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்: வடக்கே ஓடைக்கரையில் அரசர் படைக் குதிரைக்காரர்கள் நாற்பது பேர் கூடாரம் போட்டிருக்கிறார்கள், காலையில் ஏறிவிடுவார்கள், எங்களிடம் ஆளுக்கு நாலு தோட்டாதான் மிச்சம், வெடிமருந்தும் ஈயமும் அனுப்புங்கள்.

மருந்து இருந்தது, கேப்டன் கொண்டுவந்த இருபத்திரண்டு பெட்டி. ஏற்றக் கழுதை இருந்தது. ஓட்ட ஆள் இருந்தான். முன்னால் நடக்க ஞானத்தாய் மட்டும் இல்லை.

"சரி, எழுதுடா," என்றான் நிகனோர். "நீங்க பிடிச்சிட்டுப் போன..."

"நீங்கன்னு எழுதினா கோவிச்சுப்பாரு. நான் பக்குவமா எழுதறேன்." பந்தலியோன் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். எழுதியதைப் படித்தும் காட்டினான். "மகா கனம் பொருந்திய கேப்டன் அவர்கள் சமூகத்துக்கு. ஞானத்தாய் இல்லாமல் கழுதைகள் நடக்கமாட்டா. ஆகையால் ஞானத்தாயைத் தயவுசெய்து அனுப்பிவைக்க வேண்டியது. போதுமில்ல?"

"போதும், போதும். சீக்கிரம் குடு."

இருவருக்கும் அதில் குறையொன்றும் தெரியவில்லை. ஞானத்தாய் என்றால் என்னவென்று தெரியாத மனிதன் உலகத்தில் இருப்பான் என்று சோரோபம்பாவில் யார் நினைப்பார்கள்?

வெயில் சுவரின் பாதிக்கு இறங்கிய பிறகு பதில் வந்தது. மனுவின் ஓரத்திலேயே எழுதியிருந்தது. பந்தலியோன் இரண்டு தடவை படித்தான்.

"யுத்த காலத்தில் உறவினர் பொருட்டு எந்தச் சலுகையும் கிடையாதுன்னு போட்டிருக்காருண்ணே."

"உறவா? எந்த உறவு?"

"குதிரையும் கழுதையும் உறவுதானே. சரியாத்தானே சொல்றாரு."

"சரியாச் சொல்லி என்னடா பண்றது, குதிரையைக் குடுக்கச் சொல்லு! மனுசன் அங்க நாலு தோட்டாவோட நிக்கிறான், இவன் உறவுமுறை பாக்கறான்!" நிகனோர் தொப்பியைத் தரையில் அடித்தான். "இன்னொண்ணு எழுது. ஞானத்தாய் வந்தாத்தான் மருந்து நகரும்னு எழுது. இல்லேன்னா ஒண்ணு பண்ணச் சொல்லு. பெட்டியை உடைச்சு ஆளுக்கு ஒரு மூட்டையா முதுகுல ஏத்தட்டும், நானே நாலு நடை நடக்கறேன்."

அந்த இரண்டாவது யோசனைக்கு உடனே பதில் கிடைத்தது. பெட்டிகளுக்கு அரக்கு முத்திரை வைத்திருக்கிறது, சேருமிடத்தில் சேர்ந்த பிறகு கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உடைக்கலாம். முதல் யோசனைக்குத்தான் நேரமாயிற்று. நிகனோர் அதற்குள் பட்டிக்குப் போய்ப் பதினொரு கழுதைகளுக்கும் சேணம் கட்டி, பக்கத்துக்கு ஒன்றாகப் பெட்டிகளை ஏற்றினான். கடைசிக் கழுதையின்மேல் ஒரு பை உப்புக்கண்டமும், ஒரு ஜோடி தோல்செருப்பும் கட்டினான். செருப்பு மெலிதோனோடு மேலே காவல் நிற்கிற கூட்டாளி சிரிலோவுக்கு. போன வாரம் வெறுங்காலோடு இறங்கிவந்து, "மாமா, மாட்டுத்தோல் மிச்சமிருந்தா என் காலையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க, காலு கழுதைக்கு மட்டும்தான் இருக்குன்னு நினைச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான். அப்படிக் கேட்கிற வாய்.

நிகனோர் திரும்பி வந்தபோது பந்தலியோனின் முகம் மலர்ந்திருந்தது.

"ஜெயிச்சிட்டோம்ண்ணே! இந்தா கேளு: 'மலைநாட்டு மக்களின் பக்தியை மதித்து, மேற்படி ஞானத்தாயை அழைத்துவர இரண்டு வீரர்களை அனுப்பியுள்ளோம்.'"

"பின்கட்டுல நிக்கிற குதிரையை அழைச்சிட்டு வர ரெண்டு பேரா?"

"படையில எல்லாத்துக்கும் ரெண்டு பேருதான்."

நிகனோர் காத்திருந்தான். கன்னத்தில் ஒதுக்கியிருந்த கொக்கா இலை சாறிறங்கிச் சக்கையாகிவிட்டது, துப்பிவிட்டு வேறு உருண்டை போட்டான். அந்த இரண்டு வீரர்களும் பின்கட்டுப் பக்கம் போகவில்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அவர்களும் துறைமுகத்துக்காரர்கள்தான். பாதிரியாரிடம் போய்ப் பதிவேட்டைப் புரட்டச் சொல்லி, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பக்கத்தில், நிகனோருக்கு ஞானஸ்நானத்தின்போது தலைதொட்ட ஞானத்தாய் யாரென்று கண்டுபிடித்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குடிசையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது உருண்டையும் சக்கையாகும்போது கதவு திறந்தது. கேப்டன் வெளியே வந்தார். ஏவலாள் பின்கட்டிலிருந்து வெள்ளைக் குதிரையை ஓட்டிவந்தான். சேணம், வெள்ளிப் பூண், நெற்றியில் நீலமும் வெள்ளையுமாய் ரிப்பன். நிகனோர் கையை நீட்டிக்கொண்டு முன்னால் போனான். கேப்டன் அந்தக் கையைப் பார்க்காமல் குதிரைமேல் ஏறி உட்கார்ந்தார்.

அதற்குமேல் பொறுக்க அவனால் முடியவில்லை.

"ஐயா! இறங்குங்கய்யா! நீங்க ஏறி உக்காந்திருக்கறது என் ஞானத்தாய் மேலய்யா!"

கிணற்றடியில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அதைக் கேட்டு வேலியோரம் நின்ற கிழவன் சிரித்தான். நேற்றிலிருந்து அடக்கிவைத்திருந்த சிரிப்பு முழுவதும் அப்போது ஊருக்கு வெடித்துக்கொண்டு வந்தது. மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமல் படுக்கையில் கிடந்த வீரர்கள்கூட ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். கேப்டனின் காது சிவந்தது. அவர் நல்ல மனிதர்தான், பொய்யில்லை. ஆனால் நேற்று மாலை தன்னைப் பிரியமாகப் பார்த்த முகங்கள் எதற்காக அப்படிப் பார்த்தன என்று அந்த நொடியில் அரைகுறையாகப் புரிந்துவிட்டால் எந்த நல்ல மனிதனும் நல்லவனாக இருக்கமாட்டான்.

"உன் பக்தியை மதிச்சு ரெண்டு ஆளை அனுப்பியிருக்கேன். நீ என்னை, இந்தச் சீருடையை, தெருவுல வச்சு நக்கல் பண்றியா?"

"நக்கல் இல்லய்யா, நெசமாவே..."

"கட்டுங்கடா இவனை!"

பட்டித் தூணில் கையைப் பின்னால் வைத்துக் கட்டினார்கள். அதே தூணில், அவன் தலைக்கு மேலே, ஆணியில் மணி தொங்கியது. எதிரே பதினொரு கழுதைகள் சுமையோடு நின்றன. கேட்டுக் கேட்டு வாங்கின உத்தரவு கடைசியில் கைக்கட்டில் வந்து முடிந்ததே என்று அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்பார்கள், இங்கே குதிரை பாவம் சும்மா நின்றது. தள்ளியதும் பறித்ததும் மேலே உட்கார்ந்திருந்தவர்தான்.

பந்தலியோன் கேப்டனின் அங்கவடியைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்துல ஞானத்தாய்னா..."

"எழுதிக் கொடு," என்றார் கேப்டன்.

பந்தலியோன் முக்காலியைத் தேடிப் போனான்.

தெம்போடிருந்த நாலு வீரர்களில் இரண்டு பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்தார்கள். மிச்சமிருந்த இரண்டு பேரைக் கழுதைகளை ஓட்டச் சொன்னார் கேப்டன். அவர்கள் ஒன்றை இழுத்தார்கள், அது வந்தது. அடுத்ததை இழுக்கப் போனார்கள், முதலாவது திரும்பிவந்து பழைய இடத்தில் நின்றது. அடித்தார்கள், ஒன்று சுமையோடு படுத்துக்கொண்டது. தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் ஞானத்தாய் இல்லாமல் அவை நகராது என்று நிகனோர் தூணிலிருந்து கத்தினான். பட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம், கழுதைகள் கண்ணில் படாமல் தெருவில் நின்றிருந்த கேப்டன், ஞானத்தாய் என்ற சொல்லைக் கேட்டதும் குதிரையைத் திருப்பிக்கொண்டு தெருவின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் நிஜமான ஞானத்தாய் வந்து சேர்ந்தாள்.

ருதெசிந்தா அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். சாப்பாட்டு நாற்காலியோடு சேர்த்துத் தூக்கிவந்திருந்தார்கள். வழியெல்லாம் வீரர்களைத் திட்டிக்கொண்டே வந்தாள். காது சுத்தமாகக் கேட்காது என்பதால் அவள் திட்டுவது ஊருக்கே கேட்கும்.

"எறக்குங்கடா எமனுங்களா! செத்தவளைத்தான் தூக்கிட்டுப் போவாங்க. டேய் நிகனோரு, ஏன்டா கட்டிவச்சிருக்காங்க? என்னடா திருடினே?"

"ஒண்ணும் திருடலம்மா!" அவள் காது பக்கம் குனிய முடியாமல் கத்தினான்.

"என்னது, குதிரையா? குதிரை திருடினியா?"

வீரர்கள் நாற்காலியைப் பட்டி வாசலில், தூணுக்கு நாலடி தள்ளி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். அவள் எழுந்து அவன் பக்கத்தில் வந்து நின்று, தன் காதை அவன் வாய்க்கு நேராக நீட்டினாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். மெலிதோன் மேலே இருக்கிறான், மருந்து இங்கே இருக்கிறது, பசங்கள் மணிச் சத்தம் கேட்கிறதா கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். பாதி அவளுக்குப் புரிந்தது. "மணிச் சத்தத்துக்கா காத்திருக்குதுங்க? அடப்பாவமே," என்று சொல்லி, கையிலிருந்த ஜெபமாலையை உருட்டத் தொடங்கினாள்.

மேலே முதல் வெடி கேட்டது. பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல. கணவாய்க்குப் போகிற பாதை ஊருக்கு எதிர்மலையில் வளைந்து வளைந்து ஏறும், நடந்தால் ஒரு மணி நேரம். காற்று வழியாக வந்தால் கூப்பிடு தூரம்தான். ஒவ்வொரு வெடியையும் நிகனோர் எண்ணினான். பதினொரு பேர், ஆளுக்கு நாலு. நாற்பத்து நாலு. மேலேயிருந்து வருவது எது, கீழேயிருந்து ஏறுகிறவன் சுடுவது எது என்று தெரியாமல் எண்ணிக்கை குழம்பியது.

வெடிச் சத்தம் கேப்டனை உசுப்பிவிட்டது. அவர் கோழையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாளை உருவிக்கொண்டு, தனியாக, கணவாய்ப் பாதையில் குதிரையை விட்டார். பட்டி வாசலைத் தாண்டித்தான் அந்தப் பாதை போகிறது.

வெள்ளைப் பெட்டை வாசலைத் தாண்டியதும் பதினொரு ஜோடிக் காதுகளும் நிமிர்ந்தன. படுத்திருந்த கழுதை எழுந்தது. யாரும் சொல்லாமல், யாரும் இழுக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக, இருபத்திரண்டு பெட்டி மருந்தோடும் ஈயத்தோடும் அவை கேப்டனின் பின்னால் போயின.

"போகுது!" என்று நிகனோர் அலறினான். "ஏய் பந்தலியோன், பாருடா, போகுதுடா!"

பந்தலியோன் பாதி எழுதிய மூன்றாவது மனுவோடு ஓடிவந்தான். எதிர்மலையில் வெள்ளைப் புள்ளி முன்னால் ஏற, பழுப்புப் புள்ளிகள் பின்னால் ஏறின. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. கேப்டன் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. காலையிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக நிகனோர் மூச்சை முழுசாக விட்டான். கட்டிப்போட்டால் போட்டுக்கொள்ளட்டும். அவமானப்படுத்தினால் படுத்தட்டும். மருந்து போகிறது.

ருதெசிந்தா அம்மாவும் கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் அவளுக்கு இன்னும் கழுகுக் கண்தான். கழுதைகள் போவதைப் பார்த்தாள். முன்னால் போகிற குதிரையின் கழுத்தைப் பார்த்தாள். அண்ணாந்து, தூணில் தொங்குகிற மணியைப் பார்த்தாள்.

"அட அறிவுகெட்டவனுங்களா," என்றாள். "மணியை இங்க மாட்டிட்டுப் போறானுங்க. பசங்களுக்கு எப்படித் தெரியும், மருந்து வருதுன்னு?"

நிகனோருக்கு அவள் செய்யப்போவது புரிந்த நேரத்தில் அவள் மணியை ஆணியிலிருந்து கழற்றி, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அடிக்காதீங்கம்மா! அம்மா! அடிக்காதீங்க!"

அவள் அவன் வாயைப் பார்த்தாள். அடி என்றது வரைக்கும் வாயசைவில் தெரிந்தது. மிச்சம் எங்கே போயிற்றோ. "அடிக்கிறேன்டா, அடிக்கிறேன், இரு," என்று சொல்லிவிட்டு, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அடித்தாள்.

அது வெண்கல மணி. நல்ல காற்று. மலை முழுக்கக் கேட்டது.

மூன்றாவது வளைவில் வெள்ளைப் புள்ளி நின்றது. பழுப்புப் புள்ளிகள் நின்றன. நிகனோர் கண்ணை மூடிக்கொண்டான். மூடிக்கொண்டால் நடக்காமல் இருக்குமா? சோளத்துக்கு மணி அடித்துவிட்டது, நேரம்கெட்ட நேரமாக இருந்தால் கழுதைக்கு என்ன? கடைசியாகப் போன கழுதை முதலாவதாகத் திரும்பியது. வெள்ளைப் பெட்டையும் திரும்பியது. கேப்டன் கடிவாளத்தை இழுத்தார், குதிமுள்ளால் குத்தினார், சேணத்தில் எழுந்து நின்று கத்தினார். பன்னிரண்டு வருஷமாக அந்த மணிக்கு ஓடிவந்த குதிரை, நேற்று ஏறி உட்கார்ந்தவர் சொல்லைக் கேட்டா நிற்கும்? கூட்டத்தோடு கூட்டமாக அவரையும் சுமந்துகொண்டு இறங்கியது.

"பந்தலியோன், அந்தக் கயித்தை அறுடா! உன் கால்ல விழறேன், அறுடா!"

உத்தரவில்லாமல் பந்தலியோன் செய்த ஒரே காரியம் அதுதான். கத்தியை எடுத்து அறுத்தான். நிகனோர் முதலில் கிழவியின் கையிலிருந்து மணியைப் பிடுங்கினான். அவள் உள்ளங்கை சிவந்திருந்தது. வேர்த்து விறுவிறுத்து, ஒரு பெரிய காரியத்தை முடித்தவளாகச் சிரித்தாள்.

கழுதைகள் வந்து சோளத்தொட்டியைச் சுற்றி நின்றன. கேப்டன் குதித்து இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, வாளை உறையில் போட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எதிரி கைக்குப் போயிடக் கூடாதுன்னு மருந்தைப் பின்வாங்கிக் கொண்டுவந்திருக்கேன்," என்றார்.

நிகனோர் வெள்ளிப் பூண் போட்ட சேணத்தை அறுத்துத் தரையில் தள்ளினான். குதிரையின் கழுத்தில் மணியைக் கட்டினான். கேப்டன் ஏதோ சொன்னார், பந்தலியோன் குறுக்கே போய் நின்றுகொண்டான். "எழுதிக் குடுத்துடறேன் ஐயா, எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடறேன்." நிகனோர் ஞானத்தாயைப் பிடித்துக்கொண்டு ஓடினான். கழுதைகள் தொட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தன.

இரண்டாவது வளைவுக்குப் போகும்போது மேலே வெடிச் சத்தம் நின்றுபோயிருந்தது. மூன்றாவது வளைவில் அவர்கள் எதிரே வந்தார்கள். நிகனோர் எண்ணினான். ஒன்பது. நடுவில் மெலிதோன், ஒரு கையைப் போன்சோப் போர்வைக்குள் மடக்கி வைத்திருந்தான். உயிரோடு இருந்தான். நிகனோர் மகனைத் தொடப் போனான்.

மெலிதோன் ஒதுங்கிக்கொண்டான்.

"ஏம்ப்பா, எங்க இருந்தே?"

"வந்துட்டேன்டா. இதோ, எல்லாம் இருக்கு. இருபத்திரண்டு பெட்டியும்..."

"இப்ப எதுக்கு?" குரல் உடைந்திருந்தது. "எங்ககிட்ட மொத்தம் ஒன்பது தோட்டா பாக்கி. கிளம்பிடலாம்னு நான்தான் சொன்னேன். மூட்டையெல்லாம் முதுகுல ஏத்தியாச்சு. அப்பத்தான் சிரிலோ சொன்னான், இருடா, உங்கப்பா மணி கேக்குது, வந்துட்டாரு, இன்னும் ஒரு உருண்டை இலை மெல்லற நேரம் பிடிச்சா போதும்னான். மணி அவ்வளவு தெளிவாக் கேட்டுச்சுப்பா. மறுபடி மூட்டையை இறக்கினோம். மறுபடி பாறைக்குப் போனோம்."

நிகனோர் கடைசிக் கழுதையைப் பார்த்தான். செருப்பு கட்டினபடியே தொங்கியது.

"சிரிலோ அங்கயே கிடக்கான். எங்ககூட நின்ன எலியாஸ் மாமாவும்." மெலிதோன் மூக்கைத் துடைத்தான். "பாதிவழி வந்துட்டு எதுக்குப்பா திரும்பினே? வராதவன் மணியை எதுக்கு அடிச்சே? யாரு அடிச்சது அதை?"

காலையிலிருந்து சேர்த்துவைத்திருந்த கோபம் அவ்வளவும் நிகனோரின் வாயில் வந்து நின்றது. காகிதத்தைச் சொல்லலாம், தலைவலியைச் சொல்லலாம், கயிற்றைச் சொல்லலாம். எல்லாம் நிஜம்தான். ஆனால் கேட்ட கேள்விக்கு அதெல்லாம் பதில் இல்லை. கேட்ட கேள்விக்கு ஒரு பெயர்தான் பதில்.

"நான்தான்," என்றான்.

மெலிதோன் அவனைப் பார்த்தான். பிறகு தாண்டி நடந்தான். மற்ற எட்டுப் பேரும் தாண்டினார்கள். பாதை குறுகலானதால் கழுதைகளை ஓரமாக ஒதுக்கி வழிவிட வேண்டியிருந்தது, அதைச் செய்தான் நிகனோர்.

அரசர் படையினர் கணவாயில் அன்று மாலை வரைக்கும்கூட நிற்கவில்லை. காவல் குடிசையைக் கொளுத்தினார்கள், நாலு ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்கள். அவர்களிடமும் சுமைக்கழுதை இல்லையாம். கேப்டன் அன்றே அறிக்கை எழுதிவிட்டார். தக்க சமயத்தில் எடுத்த நடவடிக்கையால் வெடிமருந்து முழுவதும் ஒரு பெட்டிகூடக் குறையாமல் காப்பாற்றப்பட்டது என்று அதில் இருந்தது. பந்தலியோன் அதைத் திருத்தமான கையெழுத்தில் இரண்டு பிரதி எடுத்தான்.

நிகனோர் மருந்தைத் திரும்ப இறக்கிக்கொண்டு பட்டிக்கு வந்தபோது மெலிதோன் வாசலில், கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். கையில் யாரோ துணி சுற்றிவிட்டிருந்தார்கள். அப்பனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ருதெசிந்தா அம்மா இன்னும் நாற்காலியில்தான் இருந்தாள். தூக்கிவந்தவர்கள் அவளைத் திரும்பக் கொண்டுவிட மறந்துவிட்டார்கள். பையனைக் கண்டதும் அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

"வந்துட்டியாடா ராசா! உசிரோட வந்துட்டியா! நான் அடிச்ச மணி கேட்டுச்சா?"

நிகனோர் அவசரமாக முன்னால் போனான். "அம்மா, வாங்க, வீட்டுக்குப் போலாம்..."

"நீ சும்மா இருடா. அவன்கிட்ட கேக்கறேன். இந்த ஆம்பிளைங்க மணியை மறந்துட்டுப் போயிட்டானுங்கடா ராசா. நான்தான் எடுத்து அடிச்சேன். கை பாரு. கேட்டுச்சா, இல்லையா?"

மெலிதோன் அப்பனைப் பார்த்தான். நிகனோர் தரையைப் பார்த்தான். அவிழ்த்துவிட்ட கழுதைகள் காலியான தொட்டியை முகர்ந்துகொண்டிருந்தன. கிழவி சிவந்த உள்ளங்கையை நீட்டியபடியே இருந்தாள்.

மெலிதோன் மெல்ல எழுந்து, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் காதோடு வாயை வைத்தான். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஊருக்கே கேட்டது.

"கேட்டுச்சு அம்மாச்சி. அதைக் கேட்டுத்தான் நின்னோம்."

"பின்னே?" என்றாள் அவள், நிகனோரைப் பார்த்து. "அடிக்கச் சொன்னவன் நீதானேடா. இப்ப ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறே? போ, போய் அந்த வாயில்லா ஜீவனுங்களுக்குச் சோளத்தைப் போடு."

நிகனோர் போய்ச் சோளத்தைப் போட்டான்.